சத்தத்தை அணைத்துப் பார்த்த படம்

ஜூன் 14, வெள்ளி

இந்த டைரி ஜனவரியில் யாரோ எங்கள் ஆய்வகத் தலைவர் திலகவதி மேடத்துக்குக் கொடுத்தது. மேடம் அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதமாக டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. இன்று தூசி தட்டி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் சந்தோஷம். ஆய்வகப் பதிவேட்டில் சந்தோஷத்துக்குக் கட்டம் கிடையாது.

எங்கள் வேலையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பல்கலைக்கழக உளவியல் துறையின் பின்பக்கத்தில் எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் கறுப்புத் திரைச்சீலை, ஒரு டிவி, ஒரு நாற்காலி. தாய் குழந்தையை மடியில் வைத்து உட்காருவாள். டிவியில் ஒரு பந்து உருண்டு ஒரு பலகைக்குப் பின்னால் போகும். சில தடவை மறுபக்கம் வரும், சில தடவை மாயமாகிவிடும். நடக்கக் கூடாதது நடந்தால் ஐந்து மாதக் குழந்தைகூடக் கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கும். அதை நொடிக் கணக்கில் அளப்பது என் வேலை. பக்கத்து அறை மானிட்டரில் எனக்குக் குழந்தையின் முகம் மட்டும் தெரியும். பார்த்தால் பொத்தானை அழுத்து, கண்ணைத் திருப்பினால் விடு. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் என் அம்மா, "அரசி காலேஜுல கொழந்தைங்களப் பாத்துக்கறா" என்று சொல்லி, ஆயா வேலை என்று நினைக்க வைத்திருக்கிறாள்.

சும்மா பார்ப்பதில்லை, விதி இருக்கிறது. டிவியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் தாயின் உடம்பே குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். அதனால் அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி, காதில் பாட்டு ஓடும் ஹெட்ஃபோன். சத்தம் கேட்டால் என் கை ஏமாற்றும், அதனால் என் மானிட்டரில் சத்தம் அணைத்திருக்கும். குழந்தை பராக்குப் பார்த்தால் டிவியிலிருந்து, என் அறைக்குக் கேட்காத அளவில், ஒரு மணி அடிக்கும். அதற்கும் திரும்பாவிட்டால் இரண்டு நொடி கழித்து ஒரு விளக்கு மின்னும். ஆக, அந்த அறையில் காது திறந்திருக்கிற ஒரே ஆள் குழந்தைதான்.

இன்று வந்தவள் பூங்கொடி. சோமனூர்ப் பக்கம். இருபத்து நான்கு வயதிருக்கும். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், அதுவும் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே. குழந்தை தன்ஷிகா, ஐந்து மாதம் நான்கு நாள். கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு. கணவன் சென்னியப்பன் விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டுச் சுவரை ஒட்டியே எட்டுத் தறி. "தறிச் சத்தத்துலயே பொறந்தவங்க மேடம், இடி இடிச்சாலும் முழிக்க மாட்டா" என்று பெருமையாகச் சொன்னாள்.

பாதியில், எங்களுக்குப் பெருக்கித் துடைத்து டீ கொண்டுவரும் ருக்குமணி அக்கா வெளியே டம்ளர் அடுக்கிய எவர்சில்வர் தட்டை அப்படியே கீழே போட்டுவிட்டார். கட்டடமே அதிர்ந்தது. படங்களை ஓட்டுகிற ஜெபஸ்டின் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். அவன் இங்கே ஆராய்ச்சி மாணவன், பாளையங்கோட்டைப் பையன், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். தன்ஷிகா மட்டும் இமை அசைக்கவில்லை, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்துவிட்டோம். பன்னிரண்டு காட்சியும் முழுசாக முடித்தாள். நான்கு குழந்தை வந்தால் ஒன்று வீணாகும் இந்தத் தொழிலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

வீணானால் பதிவேட்டில் காரணம் போட வேண்டும். அழுகை, தூக்கம், தாய் குறுக்கீடு, கருவிக் கோளாறு, ஆய்வாளர் பிழை என்று ஐந்து கட்டம். உரிய கட்டத்தில் ஒரு கோடு. கடைசிக் கட்டத்தில் நான் வந்த பிறகு ஒரு கோடுகூட விழுந்ததில்லை. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்பதுபோல் 'குட்டி விஞ்ஞானி' சான்றிதழ் கொடுத்தோம். பூங்கொடி அதை மடிக்காமல் மாராப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, புள்ள நல்லா பண்ணினாளா என்று கேட்டாள். எந்தத் தாயிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்பதும் விதிதான். நான் சொன்னேன்: "இப்படி ஒரு குழந்தைய நான் பாத்ததே இல்ல."

ஜூன் 15

தட்டு நெளிந்துவிட்டது. ருக்குமணி அக்கா அம்மிக் குழவியால் தட்டி நேராக்கிக்கொண்டிருக்கிறார். கூடவே என்னையும் திட்டிக்கொண்டிருக்கிறார், வழியில் நாற்காலியைப் போட்டது நானாம்.

ஜூலை 22

இருபத்து நாலு குழந்தை நிறைந்தது. கடைசிக் குழந்தை என் சுடிதாரில் பால் கக்கியது. மேடம் எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும். இனி எல்லாப் படங்களையும் இரண்டாவது தடவை ஜெபஸ்டின் பார்த்துக் கணக்கெடுத்து, என் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பொம்மைகளை டெட்டால் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது பூங்கொடி போன் செய்தாள். ஈரக் கையோடு எடுத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்பவே மாட்டேன் என்கிறாளாம். பக்கத்து வீட்டுப் பையன் ஆறு மாதத்திலேயே திரும்பினானாம். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்யும் அம்மா அன்று விடுமுறை, பிறகு வாருங்கள் என்றார்களாம். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. "ஏனுங் மேடம், ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்று கேட்டாள்.

தறிச் சத்தத்தில் வளரும் குழந்தை, சின்னக் குரலுக்கெல்லாம் திரும்பாது என்றேன். எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இருக்காது, இங்கே எவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்தாள், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், செப்டம்பரில் எட்டு மாதச் சோதனைக்கு இரண்டாவது தடவை வரும்போது பார்க்கலாம் என்றேன். எனக்கு இன்னும் முப்பது பொம்மை பாக்கி இருந்தது.

அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "உங்ககிட்டக் கேட்டா நிம்மதிங்க மேடம். எங்கத்தை சும்மா பயப்படறேன்னு திட்டுனாங்க, அதுஞ் செரிதான்" என்று வைத்துவிட்டாள்.

கழுவிய பொம்மைகளில் ஒரு கிலுகிலுப்பை இருந்தது. இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வெயிலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 11

பூங்கொடியிடம் மறுபடி பேச வேண்டும். எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பேச வேண்டும்.

ஆகஸ்ட் 26

பேசவில்லை. ஏசி பழுது, மெக்கானிக் மூன்று நாளாக 'இதோ வந்துட்டேன்' என்கிறான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று ஜெபஸ்டின் மேல் எரிந்து விழுந்தேன். தப்பு அவன்மேல்தான். கணக்கெடுக்கும்போது சத்தத்தை அணைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புது மென்பொருளில் அது தானாக அணையாதாம், இவனும் கவனிக்கவில்லையாம். பதினேழாம் எண் படத்தை முழுக்கச் சத்தத்தோடு பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான். பதினேழு என்பது தன்ஷிகா.

ஒன்பது தடவை மணி அடிக்கிறது, ஒரு தடவைகூடக் குழந்தை மணிக்குத் திரும்பவில்லை, ஒன்பது தடவையும் விளக்குக்குத்தான் திரும்புகிறது என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, உனக்கு எப்படி மணி கேட்டது என்பது. சத்தத்தோடு பார்த்த கணக்கு செல்லாது, அழித்துவிட்டு மறுபடி செய் என்றேன். அவன் நகரவில்லை.

"அக்கா, நான் கணக்கச் சொல்லல. பிள்ளையச் சொல்லுதேன்."

மறுபடி செய் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ருக்குமணி அக்கா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 5

மேடத்திடம் சொன்னேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், மேடம் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். நாம் டாக்டர் இல்லை அரசி என்றார். தனிப்பட்ட முடிவு எதையும் சொல்ல மாட்டோம் என்று படிவத்தில் எழுதி நாமும் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், ஒரு படத்தை வைத்துப் போனில் ஒரு தாயைக் கதிகலங்க வைக்கக் கூடாது, எப்படியும் இருபத்தொன்றாம் தேதி வருகிறாளே, நேரில் உட்கார வைத்து, காதுப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள் என்று பக்குவமாகச் சொல்லலாம் என்றார்.

சரி என்று தலையாட்டினேன். பதினாறு நாள்தானே.

அந்தக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று ஆனால் அவள் கணக்கு செல்லாது, காதும் கண்ணும் சரியாக உள்ள குழந்தைகளைத்தான் சேர்க்கலாம். இருபத்து நாலு இருபத்து மூன்றாகும். சரியாக ஐந்து மாதமான இன்னொரு குழந்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் அக்டோபர் பத்து போய்விடும். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே பேசவில்லை. ஆகஸ்டில் வந்த போனைப் பற்றியும் நான் சொல்லவில்லை, மேடம் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

நாளை வர வேண்டிய பூங்கொடி, வர முடியாது என்று போன் செய்தாள். நேற்று தறியில் நூல் அறுந்துவிட்டது என்று கணவர் கூப்பிட, குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு ஒரு நிமிஷம் போயிருக்கிறாள். குழந்தை உருண்டு கீழே விழுந்துவிட்டது. நெற்றியில் வீக்கம், வேறொன்றுமில்லை. மாமியார் இனி எங்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். தீபாவளிக்கு ஆர்டர் வேறு நிறைய, அது முடிந்துதான் வர முடியுமாம். சொல்லிக்கொண்டே அழுதாள்.

சொல்ல வாயெடுத்தேன். அழுகிறவளிடம் இதையும் எப்படிச் சொல்வது? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஆறு மாதம். எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் அங்கே அவன் தலை திரும்புகிறது. அவன் அம்மா தினமும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். இன்று மூன்று விசிலுக்கும் வாசலில் நின்று பார்த்தேன். பருப்பு குழைந்துவிட்டது.

அக்டோபர் 10

கட்டுரை போய்விட்டது. என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது, ப. மங்கையர்க்கரசி. பதினோரு வருடத்தில் முதல் தடவை. அம்மாவிடம் போனில் சொன்னேன், பேப்பரில் வருமா என்று கேட்டாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மானிட்டருக்கும் கேமராவுக்கும் டிவிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மேடம் சூடம் காட்டினார். ருக்குமணி அக்கா வீட்டிலிருந்து பூஜை மணி கொண்டுவந்து கணகணவென்று அடித்தார். ஜெபஸ்டின் கும்பிடவில்லை, அவன் வேதக்காரன், வழக்கமாக ஓரமாக நின்று பொரி தின்பான். இன்று பொரிக்கும் கை நீட்டவில்லை. என்னைப் பார்த்து, "அவியளுக்கு போன் பண்ணிட்டியளா அக்கா?" என்றான்.

பண்றேன் என்றேன்.

அவனுக்கு அவளுடைய நம்பர் தெரியாது. தாய்மார்களோடு பேசுவது நான் மட்டும்தான், அதுவும் விதி. அந்த விதியை எழுதியது நான்.

அக்டோபர் 24

மூன்று தடவை நம்பரை எடுத்தேன். ஒரு தடவை மணியும் போனது. இரண்டாவது மணியில் நானே வைத்துவிட்டேன். அவள் திருப்பிக் கூப்பிட்டாள். தவறி அழுத்திவிட்டேன் என்று சொல்லி, தீபாவளி வாழ்த்தும் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி

பூங்கொடி கூப்பிட்டாள்.

தீபாவளியன்று நாத்தனார் பிள்ளைகள் வாசலில் வெடி வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழ, தன்ஷிகா மட்டும் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். நாத்தனார் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தூங்க வைத்துச் சோதித்தார்களாம். இரண்டு காதும் கேட்காது. காதுக்கு மிஷின் போட வேண்டும், பிறகு ஆபரேஷன், பிறகு பேச்சுப் பயிற்சி. பத்து மாதம் ஆகிவிட்டதே, முன்னாலேயே வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர்.

அவள் என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதுதான் உண்மை. அவள் திட்டவில்லை. கட்டிலிலிருந்து விழுந்ததில்தான் காது போய்விட்டது என்று மாமியார் சொல்கிறாராம். கணவர் இரண்டு வாரமாக அவளோடு பேசுவதில்லையாம். எப்போதிருந்து கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம்.

"நீங்க அன்னிக்கு நல்லாப் பண்றான்னு சொன்னீங்களே மேடம். அப்ப நல்லாத்தானுங்களே இருந்திருப்பா? அப்ப எங்கத்தை சொல்றது நெசந்தானுங்களா? நான் கீழ போட்டதுலதான் போயிருச்சுங்களா?"

நான் அவளுக்கு ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அவள் தலையிலேயே போய் விழுந்திருக்கிறது. இல்லை பூங்கொடி என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டாக்டர் வேறென்ன சொன்னார் என்று கேட்டேன்.

கடைசியில் அவளே கேட்டாள், முதல் தடவை எடுத்த படம் இருக்கிறதா, அதில் பார்த்தால் தெரியுமா என்று. தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட என்ன இருக்கிறது, மூன்றாவது அலமாரி, பதினேழாம் எண்.

நவம்பர் 18

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பதினேழாம் எண்ணைப் போட்டேன். வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சத்தத்தை வைத்தேன்.

ஜெபஸ்டின் சொன்னது சரி. ஒன்பது தடவை மணி அடிக்கிறது. மணி அடிக்கும்போது அவள் கறுப்புத் திரைச்சீலையை, தன் கால் விரலை, பூங்கொடியின் வளையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விளக்கு மின்னியதும் டக்கென்று திரும்புகிறாள். ஏழாவது காட்சியில் தட்டு விழுகிறது. கேமராவே அதிர்கிறது. அவள் பந்தைப் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு குரல். இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது வெறும் ப்ளைவுட் தடுப்பு. நான் பேசியது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். ஜூன் பதினான்காம் தேதி 'நாங்கள் சிரித்துவிட்டோம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். என்ன சொல்லிச் சிரித்தேன் என்று எழுதவில்லை. இப்போதும் எழுதக் கை வரவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நவம்பர் 21

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆகஸ்ட் போன் உட்பட. படத்தைக் கொடுத்தால் துறைக்கு என்ன ஆகும் தெரியுமா என்றார். கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை, யோசித்துக்கொள் என்றார். செப்டம்பரில் நானாவது பேசியிருக்க வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

படிவத்தை எடுத்து அவர் முன் வைத்தேன். ஏழாவது வரி, தன் குழந்தையின் பதிவைப் பெற்றோர் எப்போது கேட்டாலும் தர வேண்டும். விதி என்றால் உயிரை விடுகிறவள் இந்த அரசி என்று துறையில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். ஐந்து மாதமாக எனக்கு வசதியான விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். மேடம் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, வரச் சொல் என்றார்.

நவம்பர் 22

கூப்பிட்டேன். கணவரையும் அழைத்து வாருங்கள் என்றேன். காதில் மிஷின் போட்டுப் பழக வேண்டியிருக்கிறது, அடுத்த மாதம் வருகிறோம் என்றாள். "படம் கெடச்சுருச்சுங்களா மேடம்?" என்று கேட்டபோது அவள் குரலில் அவ்வளவு பயம்.

டிசம்பர் 12, வியாழன்

பத்து மணிக்கு வந்தார்கள். பூங்கொடி பாதியாக இளைத்திருந்தாள். சென்னியப்பன் உயரமான மனிதர், சட்டையெல்லாம் பஞ்சு, வணக்கம்கூடச் சொல்லாமல் கதவோரம் நின்றார். தன்ஷிகாவுக்கு இரண்டு காதிலும் ரோஸ் நிற மிஷின், கழன்று விழாமல் இருக்கப் பின்னால் நூல் கட்டிச் சட்டையில் ஊசி குத்தியிருந்தார்கள். பதினோரு மாதம், நான்கு பல். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஜெபஸ்டின் நாற்காலி போட்டான், மேடமும் வந்து உட்கார்ந்தார். நான் படத்தைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மணியையும் விளக்கையும் பற்றி முதலிலேயே சொன்னேன். முதல் மணி அடித்தது. இரண்டாவது அடித்தது. நான்காவது மணியில் சென்னியப்பன் கதவை விட்டு நகர்ந்து திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். பூங்கொடி ஒவ்வொரு மணிக்கும் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

தட்டு விழுந்தது. மடியில் இருந்த தன்ஷிகாவைத் தவிர இங்கே எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. திரையில் இருந்த தன்ஷிகாவும் அசையவில்லை.

பிறகு என் குரல், சிரிப்பும் பூரிப்புமாக:

"பாத்தியா ஜெபஸ்டின், அசையறாளா பாரு. காது கேக்காத கொழந்தையாட்டம் உக்காந்திருக்கா. இப்படி ஒண்ணு கெடச்சாப் போதுமப்பா நமக்கு."

படம் முடிந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னாள் பூங்கொடி. போட்டேன். இரண்டாவது தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை, கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்ததுல இல்லீங்க. பாத்தீங்கல்ல?" என்றாள் அவரிடம்.

அவர் குனிந்து அவள் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். குழந்தையின் நெற்றியில் வீக்கம் இருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். அப்புறம் அதே கையைப் பூங்கொடியின் தோளில் வைத்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் என் பக்கம் திரும்பினாள். "நான் ஆகஸ்ட்ல உங்களக் கேட்டப்ப, இது உங்களுக்குத் தெரியுங்களா மேடம்?"

இல்லை என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. ஜெபஸ்டின் மணியைக் கேட்டது செப்டம்பர் மூன்று. ஆகஸ்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பதிவேடும் அப்படித்தான் சொல்லும். ஜெபஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான், என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று தெரிந்தது. ஆனால் இருநூறு குழந்தைகளைப் பார்த்த கண் இது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பாத ஐந்து மாதக் குழந்தை கிடையாது. தட்டு விழுந்த அந்த நொடியில், இவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது. அதைத்தான் வேடிக்கையாக்கிச் சிரித்து விரட்டினேன்.

"தோணுச்சு பூங்கொடி. அன்னிக்கே தோணுச்சு. நான்தான் வாயத் தெறக்கல. எம் மேலதான் தப்பு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்கத்தை சொன்னதக்கூட நான் முழுசா நம்பலீங்க. நீங்க சொன்னத நம்பினனுங்க" என்றாள்.

படத்தை ஏற்றிக் கொடுத்த பென் டிரைவை வாங்கிப் பர்சில் போட்டாள். சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று எதற்கோ சொன்னார் சென்னியப்பன். மேடம் எழுந்து நின்று கை கூப்பினார். அவர்கள் படி இறங்கிப் போனார்கள். நான் வராந்தா வரைக்கும் பின்னாலேயே போய், பூங்கொடி என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். அப்பா தோளில் சாய்ந்திருந்த தன்ஷிகா என்னைப் பார்த்துக் கையாட்டினாள். பூங்கொடி திரும்பவில்லை. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

டிசம்பர் 13, வெள்ளி

கட்டுரையைத் திரும்பப் பெற மேடம் கடிதம் எழுதிவிட்டார். இனிமேல் ஒவ்வொரு குழந்தையும் உள்ளே போகும் முன், தாய்க்கு ஹெட்ஃபோன் போடுவதற்கு முன், குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு மணி அடித்துப் பார்க்க வேண்டும் என்று புது விதி. ருக்குமணி அக்கா தன் பூஜை மணியையே கொடுத்துவிட்டார். எப்போதோ செய்திருக்க வேண்டியது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினேழாம் எண்ணைப் பதிவேட்டில் அடிக்க வேண்டும், காரணம் போட வேண்டும். செவித்திறன் குறைபாடு என்று புதிதாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம் என்றார் மேடம், அதுதான் முறையும்கூட. கருவிக் கோளாறு என்று போட்டாலும் போடலாம் அக்கா, மானிட்டரில் சத்தம் இல்லைதானே என்றான் ஜெபஸ்டின். பாவம், எனக்காகத்தான் சொன்னான்.

ஸ்கேல் வைத்துப் புதுக் கட்டம் போடப் போனேன். அந்தக் கட்டத்தில் கோடு போட்டால் தப்பு அந்தக் குழந்தையுடையது என்று ஆகிவிடும்.

ஸ்கேலை எடுத்து வைத்துவிட்டு 'ஆய்வாளர் பிழை' கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பதினோரு வருடத்தில் முதல் கோடு. ஸ்கேல் வைக்காததால் நேராக விழவில்லை.